காரைக்குடி நிலை, கீழக்கரைச் சுவர்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். கீழக்கரையில் உம்மா வீட்டைப் பழுது பார்த்தபோது, கூடத்து வாசலுக்கென்று காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் நிலை, அதாவது கதவைத் தாங்கும் மரச்சட்டம், பார்த்தேன். பர்மா தேக்கு, தலைச்சட்டத்தில் கொடிவேலை. கால்களின் வெளி அளவு 3 அடி 10 அங்குலம், நம் வாசல் 4 அடி. சரிதான் என்று வண்டியில் ஏற்றிவிட்டேன். தலைச்சட்டம் இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டிருந்த கொம்பை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அதனால் கடைக்குப் போகுமுன் சுவரை அளந்துகொள்ளுங்கள். கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் டேப் பிடிக்க வேண்டும். எங்கள் வாசல் கீழே 4 அடி, நடுவில் 3 அடி 11, மேலே 3 அடி 11½. இதில் சின்னதுதான் உங்கள் அளவு. கால் வெளி அளவுக்கும் அதற்கும் பக்கத்துக்கு அரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். கொம்பைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கடையில் நிலையின் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் நிலை கோணிவிட்டது. அடிப்பக்கத்தை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்துங்கள். பொதுக்கென்று இறங்கினால் கரையான். கதவையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய கதவுகள் கீலில் இல்லை, குடுமியில், அதாவது கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில், சுழல்பவை. நிலையில் இருக்கும் குழி அந்தக் குடுமிக்கென்றே குடைந்தது.

வீட்டுக்கு வந்ததும் உடனே பொருத்தாதீர்கள். காரைக்குடிக் காற்று வேறு, கடற்கரைக் காற்று வேறு. மூன்று வாரம் நிழலில் கிடக்கட்டும். அதற்குள் பழைய பெயிண்டை எடுக்கலாம், ஆனால் காய்ந்தபடி தேய்க்கவோ, நெருப்பு காட்டவோ கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருக்குமோ. மாஸ்க் போட்டு, ஈரமாக்கிச் சுரண்டி, பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

இனி என் கொம்பு. கொத்தனார் சுவரை இரண்டு பக்கமும் அகலப்படுத்தலாம் என்றார். ஆசாரி விடவில்லை. "சுவத்துல கை வைக்காதீங்கம்மா, முருகைக்கல்லு பொலபொலன்னு வந்துரும்." (முருகைக்கல் என்பது கடலில் எடுத்த பவளப்பாறைக் கல்.) அவர் கொம்பை ஒரு அங்குலம் விட்டு அறுத்தார். முழுக்க அறுத்தால் மூட்டு பலமிழக்கும். அந்த ஒரு அங்குலத்துக்கு மட்டும், சுவரின் முகப்பு ஓரத்தில் உளியால் குழி எடுத்தார். தலைக்கு மேலே கல் உத்திரம் ஏற்கெனவே பாரம் தாங்குகிறது. நிலைக்கும் அதற்கும் இடையில் விரல் இடைவெளி விட்டோம். பாரம் நிலையின் மேல் இறங்கக் கூடாது.

தேக்கு கன அடிக்கு சுமார் 18 கிலோ. எங்கள் நிலையில் மூன்று கன அடிக்கு மேல் மரம். நாலு பேர் தூக்கினார்கள். தூக்குமுன் காலோடு கால் சேர ஒரு ரீப்பரும் (மெல்லிய மரச்சட்டம்) மூலைக்கு மூலை ஒரு ரீப்பரும் அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கோணும். சுவரைப் பார்க்கும் முதுகில் ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. அடியில் கடப்பா கல். மரம் தரையைத் தொடக் கூடாது.

தூக்குக்குண்டை இரண்டு காலிலும், முன்புறமும் பக்கவாட்டிலும் பிடியுங்கள். சுவர் கோணலாக இருந்தால் இருக்கட்டும், நிலை நேராக நிற்க வேண்டும். ஆப்புகளை எதிரெதிரே ஜோடியாக, ஹோல்ட்பாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் உலோகப் பட்டை) வரும் இடத்துக்குப் பக்கத்தில் அடியுங்கள். இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம். எங்கள் ஊர் உப்புக்காற்றில் துருப்பிடித்து வீங்கி மரத்தைப் பிளக்கும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட கடல் பக்கம் செம்புள்ளி காட்டும். 316 கேளுங்கள், விலை கூடுதல்தான், கொடுங்கள்.

இடைவெளியைச் சிமெண்டால் அடைக்க எல்லோரும் சொல்வார்கள். முருகைக்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை மூடினால் ஈரமும் உப்பும் மரத்துப் பக்கம் வரும். அதனால் சுண்ணாம்புக் காரைதான் போட்டோம்: சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. குழாயில் வரும் காவிரித் தண்ணீரை நாலு குடம் பிடித்து வைத்துக்கொண்டோம். உம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம், குடிக்கிற தண்ணீரைக் காரையில் ஊற்றுகிறோமே என்று. காரை மெதுவாகத்தான் இறுகும். பத்து நாள் ஈரச்சாக்கு போட்டு மூடி, அதன் பிறகே ஆப்பை உருவினோம், அந்த ஓட்டைகளையும் அதே காரையால் அடைத்தோம்.

பங்குனியில் முடித்தோம். கார்த்திகை மழையில் கதவு மேலே உரசியது. இழைப்புளி எடுக்க வந்த ஆசாரியை, தை வரை பொறுங்கள் என்று திருப்பி அனுப்பினேன். தையில் தானாக விட்டுவிட்டது.