விஆர் குழுப் பயிற்சி: திக்கலும் லென்ஸ் ஆவியும் தீர்ந்தது இப்படி

விஆரில், அதாவது கண்ணை மூடி மாட்டும் ஹெட்செட்டில் தெரியும் மெய்நிகர் உலகில், நாலு பேர் இணையம் வழியே சேர்ந்து பாக்ஸிங் பயிற்சி செய்கையில் மற்றவர்களின் உருவம் திக்கித் திக்கி நகர்ந்தது, குரலும் விட்டுவிட்டு வந்தது. என் கை அசைவில் மட்டும் தாமதமே இல்லை. அதை ஹெட்செட்டே கணக்கிடுகிறது; அடுத்தவர் அசைவுதான் இணையம் வழியே வரவேண்டும். ஆக, பார்க்கவேண்டியது வைஃபையை. வைஃபை அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5-க்கு மாற்றி, ரவுட்டர் உள்ள அறையிலேயே ஆடியதும் சீரானது. ஒரே அறை ஏனென்றால், 5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுவர் தாண்டும் வலு குறைவு.

லென்ஸில் ஆவி படிவதற்குக் காரணம், குளிர்ந்த லென்ஸில் முகத்தின் சூடான ஈரக்காற்று படுவது. வார்ம்-அப்பிலேயே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் லென்ஸ் சூடேறிவிடும். துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். ஆல்கஹால் லென்ஸின் மேற்பூச்சைக் கெடுக்கும். முகத்தில் படும், வியர்வை ஊறும் பஞ்சுப் பட்டைக்குப் பதில் சிலிகான் உறை நல்லது.

ஹெட்செட்டில் ஆடும் இடத்தைக் குறிக்கும் எல்லைக் கோட்டுக்கு வெளியே, நேர் முன்னால் ஒரு மேசை விசிறி வையுங்கள். ஆவியும் குறையும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை வைத்து, நீங்கள் எந்தத் திசையில் நிற்கிறீர்கள் என்பதும் தெரியும்.