புதுப்பித்த டெமோவைப் புதிதாக விளையாடுவது எப்படி

துப்பறியும் கதை கொண்ட கணினி விளையாட்டு ஒன்றின் டெமோவை, அதாவது முன்னோட்டப் பகுதியை, முன்பே முடித்தவருக்கு, அதன் புதுப்பித்த வடிவம் வரும்போது ஒரு சங்கடம் நேர்கிறது: குற்றவாளி யாரென்று ஏற்கெனவே தெரியும். சண்டை விளையாட்டில் கைகொடுக்கும் பழக்கம் இங்கே காரியத்தைக் கெடுத்துவிடும். ஆகவே, தடயத்தைக் கொண்டு கண்டறிந்தது எது, நினைவிலிருந்து சொன்னது எது என்பதைப் பிரித்து வைத்துக்கொண்டு விளையாட வேண்டும்.

கணினி விளையாட்டுகளுக்கான இணையக் கடையான ஸ்டீமில் டெமோ பொதுவாகத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். எனவே புதிய பதிப்பைத் திறப்பதற்கு முன்பே, பழையதில் உங்களுக்கு நினைவிருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். விட்ட இடத்தைச் சேமித்து வைத்திருக்கும் பழைய சேவ் கோப்பு புதிய பதிப்பில் திறந்தாலும் அதைத் தொடர வேண்டாம். தடயங்கள் இடம் மாறியிருந்தால் பாதி பழைய வழக்கும் பாதி புதிய வழக்குமாகக் குழம்பிப்போகும். அதை நீக்க நினைத்தால் முதலில் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவிட்டு, சேவ் கோப்புகளை இணையத்தில் பிரதி வைக்கும் ஸ்டீம் கிளவுட் வசதியையும் நிறுத்துங்கள். இல்லையேல் நீக்கிய கோப்பு மீண்டும் வந்து நிற்கக்கூடும். 2024 ஜூலை முதல் டெமோக்களுக்குத் தனிப் பக்கமும் தனி விமர்சனங்களும் வைத்துக்கொள்ள வழி இருப்பதால், ஆட்டம் முடியும்வரை அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காதிருப்பது நல்லது. மாற்றங்களின் பட்டியலே சில சமயம் முடிச்சை அவிழ்த்துவிடும்.

எப்படி விளையாடுவது என்பதற்கு, லூகாஸ் போப் உருவாக்கிய 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' நல்ல உதாரணம். 1807இல், ஆளில்லாமல் திரும்பி வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில், அறுபது பேருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காப்பீட்டு ஆய்வாளராக நாம் கண்டறிய வேண்டும். பிணத்தருகே, இறந்தவரின் கடைசிக் கணத்தைக் காட்டும் மாயக் கடிகாரத்தைத் திறந்தால் முதலில் இருட்டில் குரல்கள் மட்டும் கேட்கும். பிறகு மரணக் கணம் உறைந்து நிற்கும். அவசரப்பட்டுப் பெயரை நிரப்பாமல் பேச்சின் சாயலை, உடையை, அருகில் நிற்பவரைக் கவனியுங்கள். மூவரின் முடிவுகள் சரியானால்தான் விளையாட்டு அவற்றை உறுதிசெய்யும் என்பதால், குருட்டு ஊகம் எளிதில் செல்லாது. இவ்வளவு கண்டிப்பு எல்லா விளையாட்டிலும் இருக்காது; அங்கே கண்டிப்பை நாமே விதித்துக்கொள்ள வேண்டியதுதான். தாளில் பெயர், ஊகம், தடயம் என்று மூன்று நெடுவரிசைகள் போடுங்கள். மூன்றாவது வரிசையில் "போன தடவை பார்த்தேன்" என்பதைத் தவிர வேறெதுவும் எழுத வராவிட்டால், அந்த விடையை அடித்துவிட்டு மீண்டும் தேடுங்கள்.

இந்தத் தாள் உருவாக்குபவருக்கும் பயன்படும். போப் 2014இல் முதல் டெமோவையும் 2016இல் புதுப்பித்த டெமோவையும் வெளியிட்டார். முழு விளையாட்டு 2018 அக்டோபரில்தான் வந்தது. இடையில், விளையாடியவர்கள் குழம்பியதைக் கண்டே, மரணங்களை அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும் புத்தகத்தை அவர் விளையாட்டுக்குள் வைத்தார். ஆகவே கருத்து அனுப்பும்போது தீர்வு சொல்வதைவிட, சிக்கிய இடத்தைச் சொல்லுங்கள். "கதை நன்றாக இருக்கிறது, கொஞ்சம் கடினம்" என்றால் உருவாக்குபவருக்கு ஒன்றும் விளங்காது. "சமையலறைக் காட்சியில் இருபது நிமிடம் நின்றேன், கத்தியை இரண்டு முறை பார்த்தும் அது தடயமென்று தோன்றவில்லை, பழைய டெமோ நினைவுக்கு வந்ததால்தான் கடந்தேன்" என்று எழுதி, ஸ்டீமில் எஃப்12 விசையால் எடுத்த திரைப்பிடிப்புப் படத்தையும் இணைத்தால், எந்தப் பொருளை எங்கே நகர்த்த வேண்டும் என்று அவரே கண்டுகொள்வார்.