வேளச்சேரியில் பழைய ஊரைத் தேடுகிறீர்களா? இப்படிச் செய்யாதீர்கள்

வேளச்சேரி என்றதும் மாலும் பறக்கும் ரயில் நிலையமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்குள்ள தண்டீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சென்னை என்ற பேச்சே இல்லாத காலத்து ஊர் அது.

அதைப் பார்க்க உச்சிவெயிலில் போகாதீர்கள். முதல் தடவை நான் பன்னிரண்டரைக்குப் போய், பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். காலையிலேயே போனாலும், சாமி கும்பிட்ட கையோடு கிளம்பிவிடுகிறோம். கொஞ்சம் நின்று சுவரின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் எழுந்து வரும். தெரியவில்லையே என்று விபூதியையோ சாக்பீஸையோ தேய்த்துவிடாதீர்கள், கல்லின் குழிக்குள் போன பொடி லேசில் வராது. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.

ஊர்ப் பெயர் விஷயத்திலும் உஷார். வேதங்கள் வழிபட்ட இடம் 'வேதச்சிரேணி', அதுவே வேளச்சேரி ஆனது என்று தலபுராணம் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கல்வெட்டில் இருப்பதோ 'வெளிச்சேரி'.

பெரிய தவறு, சிவன் கோயிலோடு நிறுத்திக்கொள்வதுதான். சப்தமாதர் என்ற ஏழு தாய்த் தெய்வங்கள் இருக்கும் செல்லியம்மன் கோயிலுக்கும் போங்கள், அங்கேயும் கல்வெட்டு உண்டு. அப்புறம் ஏரி. அதைப் பார்க்காமல் ஊரைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. வேளச்சேரி ஏரியில் பெரும்பகுதி வீட்டு மனையாகிவிட்டது. மிச்சத்தின் கரையில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் வடிந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 2015 டிசம்பரில் இந்தத் தெருக்களில் வெள்ளம் ஏன் அப்படித் தேங்கியது என்பது பாதி புரிந்துவிடும்.

வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுக்காதீர்கள். மனை பார்க்க வந்த புரோக்கர் என்று நினைத்துக்கொள்வார். "இங்க பழைய கட்டடம் ஏதாவது இருக்கா?" என்றால் கோயிலைக் கை காட்டுவதோடு சரி. "ஐயா, அப்பல்லாம் மாட்டை எங்க ஓட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த அபார்ட்மென்ட் யார் வீட்டு வயலில் நிற்கிறது என்பது வரைக்கும் வந்துவிடும்.