தடம் பார்க்கப் பழக எண்ணூர் மணல் போதும்

எல்லைப் பாதுகாப்புப் படையில் சேரும் தண்டையார்பேட்டைத் தம்பிகள் என்னிடம் கேட்பதெல்லாம் துப்பாக்கியைப் பற்றித்தான். ஆனால் ராஜஸ்தானில் போஸ்டிங் விழுந்தால் விடிந்ததும் முதல் வேலை, வேலியோரம் சமன் செய்த மணலில் தடம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பது. அதை இங்கேயே பழகலாம்.

சூரியன் எழும்போது எண்ணூர் தாழங்குப்பம் பக்கம் போங்கள். திருவொற்றியூர் வேண்டாம், அங்கே மணலைக் கடல் தின்றுவிட்டது, கல்தான் மிச்சம். கடலைப் பார்த்து நில்லுங்கள். தடம் உங்களுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் இருந்தால்தான் நிழல் விழுந்து பள்ளம் தெரியும். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது.

முதலில் வயது. விளிம்பு கூராக இருந்தால் புதுசு, காற்றில் சரிந்திருந்தால் பழசு. அப்புறம் நண்டைக் கேளுங்கள். அது ராத்திரியில்தான் அதிகம் திரியும். காலடிக்கு மேல் நண்டின் கோடு ஓடியிருந்தால், ஆள் அதற்கு முன்பே போய்விட்டான். கோட்டை மிதித்திருந்தால் பிறகு வந்தவன். தார் பாலைவனத்தில் இந்தச் சாட்சியை வண்டு சொல்லும்.

அடுத்து, ஒருவனைப் பின்னோக்கி நடக்கவிடுங்கள். ஏமாற்ற நினைக்கிறவன் செய்யும் வேலை இது. அடிக்கும் அடிக்கும் இடைவெளி குறுகும், முன்பாதம் ஆழப் பதியும், குதிகால் மணலை இழுத்திருக்கும். பிறகு அவன் தலையில் மீன் கூடையை ஏற்றி நேராக நடக்கவிட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். பார்க்கும்போது தடத்தின் பக்கவாட்டில் நடங்கள், மேலே மிதித்தால் சாட்சி போச்சு. 1965, 1971 போர்களில் குஜராத் எல்லையில் ராணுவத்துக்கு உதவிய ரண்சோட்தாஸ் பாகி கையில் இருந்ததும் இந்த வித்தைதான். அவர் பெயரில் ஓர் எல்லைச் சாவடியே இருக்கிறது.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை டிராக்டர் டயர் போன அடையாளம் தெரிந்தால், அது பங்குனி ஆமை. முட்டையைத் தோண்டாதீர்கள்.

எல்லா எல்லையும் மணல் இல்லை. ஜெய்சல்மேர் பக்கம் நகரும் மணல்மேடு வேலியையே மூடிவிடும். சுந்தரவனத்தில் சாவடியே மிதக்கும். மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் வேலியை யாரும் வெட்டாமல் இருக்க 2023இல் அதில் தேனீப் பெட்டி வைத்தார்கள். குஜராத்தில் கட்ச்சின் ஹராமி நாலா சதுப்பில் படகு போவதும் நிற்பதும் கடல் ஏறி இறங்கும் ஓதத்தின் கையில். அங்கே போகிறவர்கள் எண்ணூர் கழிமுகத்தில் கையால் இறால் தடவுகிறவர்களோடு ஒரு காலை இறங்கிப் பாருங்கள். தண்ணீர் எப்போது ஏறும், எந்தச் சேறு காலை விடாது என்று அவர்களுக்குத் தெரியும். செருப்பைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.