குழாய்க்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஜீப்புக்கு ஸ்னார்கெல் வாங்குவோருக்கு

ஜீப் வாங்கியவர்களுக்கு முதலில் டயர் ஆசை வரும். அடுத்து விளக்கு ஆசை. மூன்றாவதாக, தவறாமல், ஸ்னார்கெல் ஆசை. பொள்ளாச்சியில் என் பட்டறைக்கு வரும் இளைஞர்கள் கைபேசியில் இரண்டு படங்களைக் காட்டுவார்கள். ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பெயர் தெரியாத குழாய். மற்றொன்று சஃபாரி, டிஜேஎம், அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலியப் பிராண்டு, விலை பல மடங்கு. "இரண்டும் கறுப்புக் குழாய்தானே அண்ணா, எதற்கு இவ்வளவு வித்தியாசம்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லும் முன் நான் கேட்பது வேறு: இந்த வண்டியை எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

ஸ்னார்கெல் செய்யும் வேலை மிக எளியது. இன்ஜின் காற்று இழுக்கும் வாயை பானட்டுக்குள்ளிருந்து கூரை உயரத்துக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். 2.2 லிட்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவைக் கணக்கில் சேர்க்காமலே சுமார் 2200 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. அந்த வாய் தண்ணீருக்குள் போனால் தண்ணீரையும் அதே ஆவலோடு உறிஞ்சும். நான்கு சிலிண்டர் கொண்ட அந்த இன்ஜினில் ஒரு சிலிண்டர் 550 சிசி, அதாவது 550 மில்லி. காற்று பதினாறில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 37 மில்லிதான். இருமல் மருந்து மூடியில் நான்கு மூடிகூட இல்லை. அதற்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் பிஸ்டன் மேலே போக வழியில்லை, ஏனென்றால் தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். பிளாக் உடைந்த இன்ஜினும் உண்டு.

ஆகவே ஸ்னார்கெல் நல்ல காவல்தான். ஆனால் அது காக்கும் எல்லையைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மஹிந்திரா தார் ஸ்னார்கெல் இல்லாமலே 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்கிறது கம்பெனி. ஃபோர்ஸ் கூர்க்கா கம்பெனியிலிருந்தே ஸ்னார்கெல்லோடு வருகிறது. அதன் ஆழம் 700 மில்லிமீட்டர். இரண்டுக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர்தான். குழாய் கூரை வரை போகிறதே, கூரை வரை இறங்கலாமே என்று நினைப்பவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். எலெக்ட்ரானிக் பெட்டிகள், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் ஃபேன், ஆக்சில் மூச்சுத் துளைகள், கதவு பீடிங் என எல்லாமே பழைய உயரத்தில்தான் இருக்கின்றன.

ஓடும் தண்ணீர் இன்னும் மோசம். இரண்டடி ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் எஸ்யூவியைக்கூடத் தூக்கிச் சென்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணையில் கார்கள் வரிசையாக மிதந்து போனதை எல்லோரும் பார்த்தோம். மிதக்கும் வண்டிக்கு எந்தப் பிராண்டு ஸ்னார்கெல் போட்டிருந்தாலும் ஒன்றுதான்.

என்னிடம் ஸ்னார்கெல் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது தண்ணீரில் உதவியதைவிடப் புழுதியில் உதவியதுதான் அதிகம். தென்னந்தோப்பு மண்பாதை, கல்குவாரிச் சாலை, ராஜஸ்தான் பயணம், முன்னால் நான்கு ஜீப்புகள் போகும் வரிசை, இவற்றில் எல்லாம் புழுதி கெட்டியாகத் தேங்குவது சக்கர உயரத்தில். கூரை உயரத்துக் காற்று அதைவிடத் தெளிவு. ஏர் ஃபில்டர் தாங்கும் காலம் கூடுகிறது. மைலேஜும் பவரும் கூடும் என்று விற்பவர் சொன்னால் சிரித்துக்கொண்டே கேளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை.

இனி விலைக்கு வருவோம். பிராண்டு ஸ்னார்கெல்லில் உங்கள் பணம் முதலில் போவது பிளாஸ்டிக்குக்கு. நல்ல குழாய்கள் வெயிலைத் தாங்கும் சேர்மானம் கலந்த பாலிஎத்திலீனில் செய்யப்படுகின்றன. கிளை உரசினாலும் வளைந்து கொடுத்துத் திரும்பும். மலிவுக் குழாய்கள் பலவும் ஏபிஎஸ் என்ற கடினமான பிளாஸ்டிக் அல்லது ஃபைபர். நம் ஊர் வெயிலில் இரண்டு கோடை தாண்டினால் ஏபிஎஸ் வெளுத்து, திருகு பிடித்த இடத்தில் கீறல் விடத் தொடங்கும். ஃபைபரில் உள்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் அந்த இழைத்துகள் எங்கே போகும் என்று யோசியுங்கள். அது ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் குழாய் என்பது ஓர் ஆறுதல்.

எந்தப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. குழாயின் உள்விளிம்பில் கத்தியால் நகக்கண் அளவு சீவி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீன் மிதக்கும். ஏபிஎஸ்ஸும் ஃபைபரும் மூழ்கும். சீவலின் மேல் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றும், விரலால் ஒரு முறை அழுத்திவிட்டுப் பாருங்கள். கடைக்காரர் கத்தி வைக்க விடமாட்டார் என்பது உண்மைதான். இணையத்தில் வாங்கியிருந்தால், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள், பொருத்தினால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சீவிப் பாருங்கள்.

அடுத்தது தலை. மேலே காற்று நுழையும் அந்த முகப்புக்குள் மழைத்தண்ணீர் நேராக அடிக்கும். நல்ல தலையில் தண்ணீர் பக்கச்சுவரில் மோதி, அடியிலுள்ள பிளவுகள் வழியாக வெளியேறும்படி உள்ளே வடிவமைத்திருப்பார்கள். மலிவுத் தலையிலும் பிளவு போன்ற கோடுகள் இருக்கும். பல நேரங்களில் அவை வெறும் அச்சுக்கோடுகள், துளையே இருக்காது. தலையைக் கழற்றிக் குழாய்ப்பக்கம் கீழே இருக்குமாறு பிடித்து, முகப்பின் உள்சுவரில் ஒரு டம்ளர் தண்ணீரை வீசிப் பாருங்கள். எவ்வளவு பிளவில் வடிகிறது, எவ்வளவு குழாய்க்குள் இறங்குகிறது என்பது உடனே தெரிந்துவிடும். தலை மட்டும் மோசமாக இருந்தால் கவலை வேண்டாம். அவை பெரும்பாலும் மூன்று, மூன்றரை அங்குல அளவுகளில் தனியாகக் கிடைக்கின்றன. உடல் மலிவாகவும் தலை நல்லதாகவும் இருக்கும் வண்டிகள் எங்களிடம் வருவதுண்டு, எந்தக் குறையும் இல்லை.

மூன்றாவது, பொருத்தம். பிராண்டுக்காரர் வண்டியின் ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) வளைவை அளந்து அச்சு செய்கிறார். ஆகவே குழாய் தாளைப் போல ஒட்டி உட்காரும். மலிவில் "எல்லாத் தாருக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 2020 அக்டோபரில் வந்த புதிய தாரும் அதற்கு முந்தையதும் முற்றிலும் வேறு உடல். பெட்ரோலா, டீசலா, எந்த ஆண்டு, காற்று வாய் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லும் மலிவுக் கடைக்காரரும் இருக்கிறார்கள். பெரிய கடையில் தடுமாறுபவரையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நான் மிக அதிகமாகக் கவலைப்படும் இடம் இவை மூன்றும் அல்ல. ஃபெண்டருக்கு உள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில், குழாயையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ். மலிவு செட்டுகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஹோஸ் மெலிதாக இருந்தால் சூட்டில் இளகி, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது உறிஞ்சலில் உள்ளே ஒட்டிக்கொள்ளும். வண்டி மேடு ஏற மறுக்கும், டர்போ போய்விட்டது என்று வேறொரு பட்டறையில் செலவு வைப்பார்கள். கிளாம்பு துருப்பிடித்துத் தளர்ந்தால் அந்த இடைவெளியில் புழுதியும் தண்ணீரும் நுழையும். அப்புறம் கூரை மேல் இருக்கும் குழாய் வெறும் அலங்காரம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பிராண்டு வாங்கினாலும் இந்த இணைப்பை இறுக்குவது பொருத்துகிறவர் கைதான். விலை உயர்ந்த செட்டை அரைமணி நேரத்தில் மாட்டி அனுப்பிய வண்டியைத் திறந்து பார்த்தபோது, ஹோஸ் பாதி விளிம்பில்தான் ஏறியிருந்தது. அதே நாள் பக்கத்தில் நின்ற வண்டியில் மலிவுக் குழாய், ஆனால் கெட்டி சிலிக்கான் ஹோஸ், துருப்பிடிக்காத அகலமான கிளாம்பு, சுற்றிலும் சீலன்ட். ஆற்றில் இறங்க எது வேண்டும் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

ஆகவே என் கணக்கு இது. தோப்பு, குவாரி, எப்போதாவது வால்பாறை, மழைக்காலத்தில் தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீர் என்பவருக்கு மலிவுக் குழாய் போதும், அது மேலே சொன்ன டம்ளர் சோதனைகளில் தேறினால். செட்டோடு வரும் ஹோஸையும் கிளாம்பையும் தூக்கிப் போட்டுவிட்டு நல்லவை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் மற்ற வேலைகளைச் செய்யலாம். லடாக்கில் ஓடை ஓடையாகக் கடக்கப் போகிறவர், காட்டுப்பாதையில் கிளை அடி தினமும் வாங்குகிறவர், கடலோரத்தில் வண்டியை வெயிலில் நிறுத்துகிறவர், வண்டியைப் பத்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவர், இவர்கள் பிராண்டு வாங்கட்டும். உடைந்தால் தலை, பிராக்கெட், ஸ்டட் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும் என்பதும் அந்த விலையில் சேர்ந்திருக்கிறது. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் எதையும் வாங்க வேண்டாம். அழகுக்காகத்தான் என்றால் அதைத் தடுக்க நான் யார், ஆனால் ஃபெண்டரில் ஓட்டை போட்ட பிறகு அந்த ஓட்டை போகாது.

ஓட்டை போடும் வேலையில் அவசரம் வேண்டாம். செட்டில் வரும் காகித அச்சை நம்பும் முன் குழாயையே ஃபெண்டரில் வைத்துப் பொருத்திப் பாருங்கள். மலிவு செட்டுகளில் அந்தக் காகிதம் நகலெடுத்து அளவு மாறிப்போன ஒன்றாக இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, உள்ளே வயர்கள் எங்கே போகின்றன என்று பார்த்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, சிறிய துளையில் தொடங்குங்கள். பெரிய வட்டத்தை ஹோல் சா கொண்டு வெட்டிய பிறகு விளிம்பை அரம் போட்டு மழித்து, பிரைமரும் பெயின்ட்டும் இரண்டு பூச்சு கொடுத்துக் காயவிட வேண்டும். வெட்டிய தகரத்தை அப்படியே விட்டால் அடுத்த மழைக்காலத்தில் துரு அங்கிருந்து கிளம்பும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் வண்டிகளில் அதற்கு முன்பே.

ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் ஒரு வடிகால் துளையோ ரப்பர் வாயோ இருக்கும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மேலே கூரை வரை குழாய் போட்டுவிட்டு அடியில் துளையைத் திறந்து வைத்தால் தண்ணீர் கீழேயிருந்து வரும். முழுக்க அடைத்துவிட்டாலும் தப்பு, ஏனென்றால் தலை வழியே வந்த மழைநீர் வெளியேற வழியிருக்காது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் ரப்பர் வால்வுதான் சரி. பழையது கெட்டித்துப் போயிருந்தால் மாற்றுங்கள், விலை மிகக் குறைவு.

எல்லாம் முடிந்ததும் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, ஸ்னார்கெல் வாயைக் கெட்டியான ரப்பர் பாயால் மூடுங்கள். கையால் மூட வேண்டாம், உறிஞ்சல் பலமாக இருக்கும். ஆக்சிலரேட்டரைத் தொடவும் வேண்டாம். சில நொடிகளில் இன்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் சாவகாசமாக ஓடினால் எங்கிருந்தோ காற்று வாங்குகிறது. எங்கே காற்று நுழைகிறதோ அங்கே தண்ணீரும் நுழையும். பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையை உங்கள் கண்முன் செய்துகாட்டச் சொல்லுங்கள். தயங்கும் பட்டறையில் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மலிவில் மிச்சம் பிடித்த பணத்தைப் போடச் சிறந்த இடம் ஆக்சில், கியர்பாக்ஸ், முன்பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ் ஆகியவற்றின் மூச்சுக்குழல்கள். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். துளை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும், ஆயில் பால் கலந்த காபி நிறமாகும். ஒரு சிறிய ஹோஸை பானட் உயரம் வரை ஏற்றிக் கட்டினால் தீர்ந்தது.

சட்டத்தையும் காப்பீட்டையும் பார்த்துவிட்டே இறங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. கம்பெனியிலிருந்தே ஸ்னார்கெல்லோடு வரும் வண்டிக்குத் தொல்லை இல்லை. வெளியே போடுகிறவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வாரன்டி இருக்கும் வண்டி என்றால் ஷோரூமிலும் கேளுங்கள். தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் சாதாரணக் காப்பீடு பொதுவாகத் தராது. அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை வேண்டும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தால் அதிலும் சிக்கல் வரும்.

பொருத்தி ஒரு மாதம் ஓடியதும் கிளாம்புகளை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள், புது ரப்பர் அமுங்கித் தளர்ந்திருக்கும். ஃபில்டர் பெட்டியைத் திறந்து சுத்தமான பக்கத்தில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் தெரிந்தால் முதலில் ஃபில்டர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஃபில்டரிலிருந்து டர்போ வரை செல்லும் ஹோஸைப் பாருங்கள். குழாயை மாற்றும் செலவு அதற்கப்புறம்தான்.