விரும்பிய பாடகரை முதன்முறை நேரில் கேட்கப் போகிறவர்களுக்கு

பல ஆண்டுகளாக வானொலியிலும் கைப்பேசியிலும் கேட்டு மனத்தில் பதிந்துபோன ஒரு குரலை முதன்முறையாக நேரில் கேட்கப் போகிறவர், அனுமதிச்சீட்டு வாங்குவதற்கு முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மேடையில் ஒலிக்கப் போவது பதிவில் கேட்ட அதே குரல் அன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாட்டை அடி அடியாகப் பலமுறை பாடி, நன்றாக அமைந்தவற்றை ஒன்றுசேர்த்து, சுருதி விலகிய இடங்களைக் கணினியில் சரிசெய்து வெளியிடுகிறார்கள். மேடையிலோ மூச்சு வாங்கும் ஓசையும் கேட்கும். வயதான பாடகர் பாட்டின் சுருதியை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடுவார். இதைக் குறையாக எண்ணுகிறவர் ஏமாந்து திரும்புவார். அந்தக் குரல் அன்றைய உடம்போடும் அன்றைய கூட்டத்தோடும் சேர்ந்து பிறக்கிறது என்று எண்ணுகிறவருக்குப் பதிவில் கிடைக்காத பாட்டு கிடைக்கும். ஆகவே, செய்யும் ஏற்பாடுகள் எல்லாவற்றையும் காதுக்காகச் செய்யுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

எங்கே கேட்பது என்பதிலிருந்தே அது தொடங்குகிறது. மதுரையில் பெரிய திரையிசை நிகழ்ச்சி என்றால் தமுக்கம் மைதானம் நினைவுக்கு வரும். சபைக் கச்சேரிகளுக்குத் தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலும் ராஜா முத்தையா மன்றமும் உண்டு. நவராத்திரியில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நடக்கும் கச்சேரிகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சுற்று வட்டாரத்து ஊர்த் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு பெயர்பெற்ற பாடகர் ஒருவர் வந்து பாடுவதும் உண்டு. அந்தச் செய்தி இணையத்துக்கு வராமல் சுவரொட்டியோடு நின்றுவிடுவதால், திருவிழாக் காலத்தில் சுவரைப் பார்த்து நடக்க வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இலும் டி.எம். சௌந்தரராஜன் 1922-இலும் பிறந்த ஊர் இது. இங்கே நல்ல குரலைத் தேடிப் போய்க் கேட்கிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை. உங்கள் பாடகர் மைதானத்திலும் பாடுகிறார், சிறிய அரங்கிலும் பாடுகிறார் என்றால், முதல் முறைக்கு அரங்கையே தேர்ந்தெடுங்கள்.

அனுமதிச்சீட்டை, நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் தங்கள் விளம்பரத்தில் குறிப்பிட்டிருக்கும் இணையதளத்தில் மட்டும் வாங்க வேண்டும். மகிழ்ச்சியில் சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் நிலைத்தகவலில் வைத்துவிடாதீர்கள். அதிலுள்ள கியூஆர் குறியைக் கொண்டு வேறொருவர் முந்தி உள்ளே போய்விட முடியும். கூட்டம் நெரியும் இடத்தில் இணையம் கிடைக்காது என்பதால், வீட்டிலேயே சீட்டைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாயில், எந்தப் பகுதி, எந்தெந்தப் பொருளுக்கு அனுமதி இல்லை என்பதையும் முதல் நாளே படித்துவிடுங்கள். 2023 செப்டம்பரில் சென்னையை அடுத்த பனையூரில் நடந்த பெரும் இசை நிகழ்ச்சியில், சீட்டு கையில் இருந்தும் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். கூட்டத்தை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. வாயில் திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேர்வதுதான் நம் கையில் இருக்கிறது. தமுக்கமும் தல்லாகுளமும் வைகையின் வடகரையில் இருக்கின்றன. ரயில் நிலையத்திலிருந்தோ பெரியார் பேருந்து நிலையத்திலிருந்தோ வருகிறவர், மாலை நெரிசலில் ஆற்றைக் கடந்து கோரிப்பாளையத்தைத் தாண்டும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் பணத்தை வீணாக்குவது இங்கேதான். மேடைக்கு மிக அருகில், அதிலும் ஓரத்தில் உட்கார்ந்தால், அங்கே அடுக்கியிருக்கும் ஒலிபெருக்கியின் தாள அதிர்வு குரலை விழுங்கிவிடும். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். நூறு மீட்டர் பின்னால் இருப்பவருக்கு மேடையில் புறப்பட்ட ஒலி ஏறத்தாழ 0.3 விநாடி கழித்தே வந்து சேரும். திரையில் வாய் அசைவதும் குரலும் பொருந்தாமல் தோன்றுவது இதனால்தான். மைதானத்தின் நடுவே ஒலிக்கலவைக் கருவிகளோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் தம் காதுக்கு எது சரியாக இருக்கிறதோ அதையே எல்லோருக்கும் அமைக்கிறார். ஆகவே அவருக்குச் சற்று முன்னால் உள்ள இடமே குரலைக் கேட்க மிக நல்ல இடம். கர்நாடக இசைக் கச்சேரியில் முன்வரிசைகளின் நடுப்பகுதி சிறந்தது. அங்கிருந்து, இடப்பக்கம் மிருதங்கமும் வலப்பக்கம் வயலினும் இருக்க, பாடகரின் தாளம் போடும் கையையும் பக்கவாத்தியக்காரர்களோடு அவர் கண்ணால் பேசிக்கொள்வதையும் பார்க்கலாம். பதிவு எதிலும் கிடைக்காத இன்பம் அது.

பெரிய மைதானத்துக்குப் போகிறவர் காதைக் காக்கவும் வேண்டும். நிகழ்ச்சி அரங்குகளில் ஒலியின் சராசரி 15 நிமிட அளவில் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வகுத்திருக்கிறது. அவ்வளவு உரத்த ஒலியே நெடுநேரத்துக்கு ஏற்றது அன்று. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரையாலான காதடைப்பான் போதும். வெறும் பஞ்சு பெரிதாகப் பயன்படாது. குழந்தைகளை ஒலிபெருக்கியின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். பருத்தி ஆடை அணிந்து, உள்ளே தண்ணீர்ப் புட்டிக்கு அனுமதி இல்லாவிட்டால் வாயிலிலேயே வேண்டிய அளவு குடித்துவிட்டுப் போங்கள்.

பாட்டு தொடங்கியதும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். நினைவுக்காக ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டால் போதும். முழு நிகழ்ச்சியையும் சிறு திரை வழியாகப் பார்ப்பதற்கு இத்தனை தூரம் வர வேண்டியதில்லை. பின்னால் இருப்பவருக்கும் அது இடையூறு. பிடித்த வரியில் கூடவே பாடத் தோன்றும். பாடகர் கேட்கும்போது மனம்விட்டுப் பாடுங்கள்; மற்ற நேரங்களில் பக்கத்து இருக்கைக்காரரும் அந்தக் குரலுக்காகவே வந்திருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். கச்சேரியில் மிருதங்கம் போன்ற தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வெளியே போகும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. பாடகரே தாளம் போட்டுக்கொண்டு கேட்கும் பகுதி அது. அவரை விரும்பி வந்தவரும் இருந்து கேட்க வேண்டும்.

பொதுவாக இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், திறந்தவெளி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். மேலூர்ப் பக்கம் போகிறவர் மாட்டுத்தாவணிக்கும், உசிலம்பட்டி, தேனிப் பக்கம் போகிறவர் ஆரப்பாளையத்துக்கும் போக வேண்டும். கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பகலிலேயே விசாரித்து வைத்திருந்தால், இறுதிப் பாட்டைப் பாதியில் விட்டு ஓட வேண்டியிராது.

சிறிய அரங்கு என்றால், முடிந்த பிறகு மேடையருகே காத்திருந்து பாடகரைப் பார்க்கவும் பெரும்பாலும் முடியும். அவர் இரண்டு மூன்று மணி நேரம் பாடிக் களைத்திருப்பார் என்பதால், தோளில் கை போடாமல், கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டாமல், வணங்கிவிட்டு, அன்று பாடியவற்றில் எந்தப் பாட்டின் எந்த இடம் உங்களைத் தொட்டது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். படம் எடுத்துக்கொள்ள விரும்பினால் முதலில் அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் இன்னொரு முறை வணங்கி, பின்னால் நிற்பவருக்கு வழிவிடுங்கள்.