கருப்பட்டிப் பாகில் கார்பன் டாட்: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

அக்கானியை (பதநீரை) காய்ச்சிப் பாகாக்கி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பது குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. சர்க்கரை இப்படிச் சூட்டில் கருகும்போது 10 நானோமீட்டருக்கும் சிறிய கார்பன் துகள்கள் உருவாகும். புறஊதா ஒளி பட்டால் அவை ஒளிரும். இவற்றைத்தான் கார்பன் டாட் என்கிறார்கள். 2004-இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டவை. வெல்லம், ரொட்டி, சீனிப் பாகு ஆகியவற்றிலும் இத்தகைய துகள்கள் இருப்பதை 2012-இல் ஐஐடி குவாஹாத்தி ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே சர்க்கரை, அதே சூடு என்பதால் கருப்பட்டியிலும் எதிர்பார்க்கலாம்.

வேண்டியவை: கருப்பட்டி ஒரு துண்டு, வெள்ளைச் சீனி, எவர்சில்வர் பாத்திரம், வடிதாள், நாலைந்து கண்ணாடி டம்ளர், கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா டார்ச், மஞ்சள் கண்ணாடித்தாள். டார்ச்சை யார் கண்ணுக்கும் நேராக அடிக்காதீர்கள்.

1. காய்ச்சுதல். சீனி இரண்டு கரண்டி எடுத்து, தண்ணீர் விடாமல் சிறு தீயில் உருக்குங்கள். பொன்னிறம் தாண்டி, அடர்ந்த பழுப்பு வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். புகை வர விட வேண்டாம். சீவிய கருப்பட்டியைத் தனியாக இதேபோல் செய்யுங்கள். அது சீக்கிரமே நுரைத்துக் கருகும், பக்கத்திலேயே நில்லுங்கள். கொதிக்கும் பாகில் தண்ணீர் ஊற்றினால் தெறித்துக் கையைச் சுட்டுவிடும். நன்றாக ஆறிய பிறகு வெந்நீர் விட்டுக் கரையுங்கள்.

2. வடித்தல். முதலில் துணி, அப்புறம் வடிதாள். தாளில் தங்குவது தூசியும் கசடும்தான். நமக்கு வேண்டிய துகள்கள் நீரோடு இறங்கிவிடும்.

3. நீர்க்கச் செய்தல். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். கருப்பாக இருந்தால் துகள் அதிகம், ஆகவே ஒளியும் அதிகம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. அடர்ந்த கரைசலில் டார்ச் ஒளி டம்ளரின் ஓரத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும், உள்ளே போகாது. துகள்கள் உமிழும் ஒளியிலும் ஒரு பங்கைக் கரைசலே திரும்ப விழுங்கிவிடும். எனவே டம்ளரில் பாதியைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்புங்கள்; மறுபடி பாதி, மறுபடி தண்ணீர். கட்டன்சாயா நிறத்தில் தொடங்கி வைக்கோல் நிறம் வரும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டம்ளர் எடுத்து வரிசையாக வையுங்கள். எது அதிகம் ஒளிர்கிறது என்பது அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும்.

4. பார்த்தல். இருட்டறை வேண்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, மஞ்சள் கண்ணாடித்தாள் வழியாகப் பாருங்கள். டார்ச்சின் சொந்த ஊதா நிறத்தைத் தாள் தடுத்துவிடும். மங்கலான பச்சை தெரிந்தால் சரி. பின்னால் வெள்ளைத்தாள் வைக்காதீர்கள், அதில் சேர்த்திருக்கும் வெண்மையூட்டியே நீலமாக ஒளிரும். சோப்புத்தூள் ஒட்டிய டம்ளரும் அப்படித்தான் ஏமாற்றும். வெறும் தண்ணீர் ஒரு டம்ளரும், காய்ச்சாத சீனிக் கரைசல் ஒரு டம்ளரும் ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டாயம் வேண்டும்.

5. படலம். விளக்கில் பயன்பட வேண்டுமானால் துகள்கள் திடப்பொருளில் இருக்க வேண்டும். கரைசலை அப்படியே உலர்த்தினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒளிர்வு அணைந்துவிடும். அவற்றைப் பிரித்து வைக்க ஸ்டார்ச் உதவும். நம்மூரில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மாவுக்கா பஞ்சம்? ஒரு கரண்டி மாவை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து, கிளிசரின் சில சொட்டு விட்டு, கண்ணாடிபோல் தெளியும்வரை காய்ச்சுங்கள். ஆறியதும் வைக்கோல் நிறக் கரைசலைச் சிறிது சேர்த்து, பிளாஸ்டிக் தட்டில் மெல்லிசாகப் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கரைசல் சேர்க்காத படலம் ஒன்றும் ஒப்பீட்டுக்கு இருக்கட்டும்.

இந்தப் படலத்தை வைத்து வீட்டுக்கு விளக்குப் போட முடியாது. பாகில் கிடைக்கும் ஒளிர்வு அவ்வளவு குறைவு. சிட்ரிக் அமிலத்தோடு நைட்ரஜன் தரும் சேர்மத்தைச் சேர்த்து, மூடிய கலனில் சூடாக்கி, 80 சதவீதம் வரை ஒளிர்வுத் திறனை (உறிஞ்சிய ஒளித்துகள்களில் திரும்ப உமிழப்படும் பங்கை) 2013-இல் சீன ஆய்வாளர்கள் எட்டினார்கள். அது ஆய்வகத்து வேலை, அடுப்பங்கரையில் வேண்டாம்.

விளக்கொளியை வேகமாக ஏற்றி அணைத்துச் செய்தி அனுப்பும் ஒளிவழித் தகவல் தொடர்புக்குப் பிரகாசம் மட்டும் போதாது. ஒளிர்ந்து அணையும் வேகமும் வேண்டும். வெள்ளை எல்இடியில் நீலச் சில்லின் மேல் பூசிய மஞ்சள் பொருள் அணைய ஏறத்தாழ 60 முதல் 70 நானோநொடி ஆகும். கார்பன் டாட் பலவும் சில நானோநொடிகளிலேயே அணைந்துவிடுவதால், அதே நேரத்தில் அதிகத் துடிப்புகளை அனுப்பலாம். உப்புநீரில் ரேடியோ அலை வெகுதூரம் போகாது, நீலமும் பச்சையும் அதைவிட நன்றாகப் போகும் என்பதால் கடலடித் தொடர்புக்கும் இந்தத் துகள்களைச் சோதித்து வருகிறார்கள்.

ஒன்று மட்டும்: டம்ளரில் ஒளிர்வது எல்லாம் கார்பன் டாட்தான் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். சர்க்கரை கருகும்போது பிறக்கும் சிறு மூலக்கூறுகளும் ஒளிரும். பக்கத்துக் கல்லூரியில் ஒளிர்வு அலைமாலைமானி (உமிழும் ஒளியை அலைநீளவாரியாக அளக்கும் கருவி) இருந்தால், வெவ்வேறு அலைநீளத்தில் ஒளியூட்டி, உமிழும் நிறம் நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நகர்ந்தால் அது கார்பன் டாட்டுக்கு ஓர் அறிகுறி, முடிவான சான்று அல்ல. துகளையே பார்க்க வேண்டுமென்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் வழி.